பத்து எண்ணுவதற்குள்

இது நடந்தது. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு நான்காவது மாடியிலிருந்து தெரு வரை இறங்கி வந்து, பூட்டினேனா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் மேலே ஏறுகிற ஆள் நான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை. ஒவ்வொரு வில்லையையும் இரண்டு முறை அளந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் கண் பார்த்ததை நானே எளிதில் நம்புவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அன்றிரவு நான் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன். சிலவற்றை மூன்று முறை.

என் பெயர் யீ-ருங். ஊர், சீனம் பேசும் எங்கள் தீவின் வடகோடியில் இருக்கும் கீலுங் துறைமுகம். வாரத்தில் இரண்டு மாலை சமூகக் கல்லூரியில் கணினி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் படித்ததை வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். அன்றிரவு நடந்ததையும் மறுநாள் காலையே அதில் எழுதிவிட்டேன், அதைப் பார்த்துத்தான் இப்போது சொல்கிறேன். 

வகுப்பு எடுப்பவர் மாவ். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். பகலில் செத்துப்போன டிஸ்க்குகளிலிருந்து படங்களையும் கணக்குகளையும் மீட்டுத் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறார். எனக்கு அவர் வைத்த பெயர் 'ரெண்டுதடவை'. வகுப்பு முழுக்க அந்தப் பெயரில்தான் என்னைக் கூப்பிடும்.

அந்த மாதப் பாடம், ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஓஎஸ், அதாவது கணினியை இயக்கும் மென்பொருள், ஏற்றுவது. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ் என்று வையுங்கள். கணினியைத் திறக்கும்போது ஒரு பட்டியல் வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். கேட்க எளிது. ஆனால் தவறான டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் பழையதில் இருப்பதெல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அதற்கு மாவ் சொன்ன வழி ஒன்றுதான். புதியதில் ஏற்றும்போது பழையதைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். "கேபிள் இல்லன்னா அது வெறும் இரும்புத்துண்டு. இரும்புத்துண்டை உன்னால கூட அழிக்க முடியாது, ரெண்டுதடவை" என்றார். வகுப்பே சிரித்தது.

அந்த வாக்கியத்தை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கேபிள் இல்லையென்றால் அது வெறும் இரும்புத்துண்டு.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பாவ்சூ அக்காவின் காலை உணவுக் கடை. முட்டைத் தோசை, சோயா பால், முள்ளங்கிப் பணியாரம். அக்கா இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். அவர் கணவர் யென் ஜின்சுய் கணவாய் மீன் பிடிக்கும் பெரிய படகில் இயந்திரம் பார்ப்பவர். ஆறு வருடத்துக்கு முன் தெற்கே எங்கோ போன படகு திரும்பி வரவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூட கிடைக்கவில்லை. அவருடைய மழைக்கால ரப்பர் பூட்ஸ் இரண்டும் அக்காவின் வீட்டு வாசலில், முனை படிக்கட்டைப் பார்த்தபடி, தூசி படிந்து நிற்கும். நான் தினமும் அவற்றைத் தாண்டித்தான் என் மாடிக்கு ஏறுவேன்.

கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவருடைய கணினி இருந்தது. அக்கா மதியம் கடையை மூடியதும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். என்ன பார்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. பழைய படங்களாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

எங்கள் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம், செத்தவர்கள் வந்துபோகிற மாதம், வந்தால் அக்காவின் மைத்துனர், ஜின்சுய்யின் தம்பி, வந்து நிற்பார். எங்கள் ஊரில் ஏழாம் மாதம் பதினான்காம் இரவு, கடலில் போனவர்கள் கரைக்கு வழி கண்டு வரவேண்டும் என்று தண்ணீரில் விளக்கு விடுவோம். அண்ணன் பெயரில் இந்த வருடமாவது ஒரு விளக்கு விட்டு, செத்தவர் பெயர் எழுதி வணங்கும் பலகையும் வைத்து, காரியத்தை முடித்துவிடலாம் என்பார். அக்கா ஒப்பமாட்டார். விளக்கு விட்டால் செத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும். "கம்ப்யூட்டர் தினமும் திறக்குது. அது திறக்கிற வரைக்கும் அவருக்கு விளக்கு விடமாட்டேன்" என்பார். பேச்சில் ஒரு பொருத்தமும் இல்லை. ஆனால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த வருடம் கோதுமை மாவும் முட்டையும் அனுப்பும் மொத்தக் கடை, ஆர்டர் எல்லாவற்றையும் இணையத்தில் போடச் சொல்லிவிட்டது. பழைய விண்டோஸில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. மைத்துனர் உடனே, பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார். அக்கா என்னிடம் வந்தார். செல்லமாக என்னை அ-ருங் என்பார்.

"அதே பெட்டிக்குள்ள புதுசு ஒண்ணு வை. பழசு பழசாவே இருக்கணும். ஒரு எழுத்து அழியக்கூடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டிஸ்க் போச்சுன்னா அவங்க சொல்றதுக்கெல்லாம் நான் தலையாட்டணும், அ-ருங். அப்புறம் அவர் செத்தவர்தான்" என்றார்.

ஒத்துக்கொண்டேன். 

ஏழாம் மாதம் பன்னிரண்டாம் தேதி புயல். நகராட்சி விடுமுறை அறிவித்துவிட்டது. என் கடையும் இல்லை, வகுப்பும் இல்லை. மாலை ஆறரைக்கு நான் கீழே இறங்கினேன். அக்கா ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தார். காலையில் மூன்று மணிக்கு எழுந்து மாவு கரைக்கிறவர், எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.

முதலில் பழைய டிஸ்க் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அதுதான் முறை. அதைச் சொன்னேன்.

"மத்தியானம்தான் பார்த்தேன். நல்லா இருக்கு" என்றார் அக்கா. "இப்ப வேணாம். எழுப்பாத."

நான் வற்புறுத்தவில்லை. வாழ்க்கையில் எதையும் இரண்டு முறை பார்க்கிற நான், அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மாடிக்குப் போகிற கதவில் நின்று இன்னொன்றும் சொன்னார். புதியதில் பெயர் கேட்டால் அவர் பெயரையே போடச் சொன்னார். கரண்டு பில், கடை உரிமம் எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கிறது, இதுவும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

எட்டு மணி. நான் தனியாக இருந்தேன்.

கணினிப் பெட்டியின் தலையில் பச்சைப் பாக்கெட் ஒன்று இருந்தது. தேங்காய் மணக்கும் சோளப்பொரி. எங்கள் நாட்டில் இயந்திரம் இருக்கிற இடத்தில் எல்லாம் இது இருக்கும். வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் நிலையத்தில், எங்கும். இயந்திரம் சமர்த்தாக ஓடுவதற்கு. பச்சை நிறம்தான் வைக்க வேண்டும். பிரிக்கக்கூடாது. தேதி தாண்டிவிடக்கூடாது. அக்காவின் பாக்கெட் தேதி தாண்டி ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தேன். பழையதைத் தூக்கினேன். கை பட்டதும் ஓரத்து ஒட்டு விட்டுப்போய், பொரி மேசையில் கொட்டியது.

பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியைத் திறந்தேன். செல்போனில் படம் எடுத்தேன். பழைய டிஸ்க்கின் மின்சாரக் கேபிளைக் கழற்றினேன், தகவல் கேபிளைக் கழற்றினேன், திருகாணிகளையும் கழற்றினேன். திருகாணிகளின் தலையில் வெள்ளையாக எதுவோ பூத்திருந்தது. கீலுங்கில் வருடம் முழுக்க மழை, எல்லாமே துருப்பிடிக்கும். ஆனால் இது துரு நிறத்தில் இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். உப்பு மாதிரி நறநறத்தது.

டிஸ்க்கை ஒரு துண்டின் மேல், கொட்டிய பொரிக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னொரு படம் எடுத்தேன்.

புதிய டிஸ்க்கைப் பொருத்தினேன், எஸ்.எஸ்.டி. என்ற வகை. அதில் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. சத்தமே வராது. இதை ஞாபகத்தில் வையுங்கள்.

பசித்தது. கடையிலிருந்து ஒரு கப் நூடுல்ஸ் எடுத்து வெந்நீர் ஊற்றினேன். மூடி நிற்கவில்லை, எழும்பி எழும்பி வந்தது. சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் மூடி வழியாகச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தி, டிஸ்க்கின் அருகில் வைத்தேன்.

எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், சாப்பாட்டில் குச்சியை நிறுத்தி வைக்கக்கூடாது. செத்தவர்களுக்குத்தான் அப்படிப் படைப்போம். அதுவும் ஏழாம் மாதத்தில். அந்த மாதத்தில் நாங்கள் 'பேய்' என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டோம், 'நல்ல சகோதரர்கள்' என்போம். ஆனால் அப்போது என் கவனமெல்லாம் திரையில் இருந்தது.

பென் டிரைவைச் சொருகி, லினக்ஸை ஏற்றத் தொடங்கினேன்.

மொழி கேட்டது. கொடுத்தேன். விசைப்பலகை கேட்டது. கொடுத்தேன்.

அடுத்து வந்த திரையில் இப்படி இருந்தது.

'இந்தக் கணினியில் ஏற்கெனவே ஒரு ஓஎஸ் இருக்கிறது. அதோடு சேர்ந்து இருக்கட்டுமா? அல்லது அதை அழித்துவிடலாமா?'

நான் திரும்பி மேசையைப் பார்த்தேன். பழைய டிஸ்க் துண்டின் மேல்தான் இருந்தது. இரண்டு கேபிளும் பெட்டிக்குள் தொங்கின. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். நுனியில் எதுவும் இல்லை.

எஸ்.எஸ்.டி.யில் முன்பே எதாவது இருந்திருக்கும், கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். நல்ல காரணம். ஆனால் திரையில் டிஸ்க்குகளின் பட்டியல் இருந்தது. வரிசையில் இரண்டு இருந்தன.

இரண்டாவதன் அளவு, துண்டின் மேல் கிடந்த டிஸ்க்கின் அளவு.

அணைத்தேன். மறுபடி தொடங்கினேன். அதே திரை. அதே கேள்வி. இந்த முறை சுட்டி அம்பு, நான் தொடாமலே, 'அழித்துவிடு' என்பதற்கு மேல் நின்றது. மெதுவாக, வேண்டுமென்றே, அங்கிருந்து விலகி நகர்த்தினேன். 'சேர்ந்து இருக்கட்டும்.' அக்காவின் பொருள். எது உண்மையோ பொய்யோ, அதை நான் அழிக்கப்போவதில்லை. சொடுக்கினேன்.

ஷட்டர் காற்றில் அதிர்ந்தது. கடையில் குளிர்சாதனப் பெட்டி உறுமிவிட்டு நின்றது.

அடுத்த திரை. 'நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?' உலகப்படம் ஒன்று. நேரம் சரியாகக் காட்டுவதற்காக. படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், நாம் அதை நம் ஊரில் வைக்க வேண்டும். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு முறை செய்திருக்கிறேன். எப்போதும் புள்ளி எங்கள் தீவின் மேல்தான் வந்து நிற்கும்.

இன்று அது தென் அமெரிக்காவின் அடிக்கோடியில் இருந்தது. நிலத்தில் இல்லை... நிலத்தைவிட்டுத் தள்ளி, கடலில்.

புயலில் இணையம் இல்லை, அதனால் குழம்பியிருக்கும். புள்ளியை இழுத்து எங்கள் ஊரில் வைத்தேன். விரலை எடுத்தேன்.

புள்ளி மெல்ல நகர்ந்தது. கடலைக் கடந்து, அதே இடத்துக்குப் போய் நின்றது.

இன்னொரு முறை இழுத்து வைத்தேன். மறுபடி போயிற்று.

மூன்றாம் முறை வைக்கவில்லை. 'அடுத்து' என்பதை அழுத்தினேன். திரையின் மூலையில் கடிகாரம் மாறியது. என் கைக்கடிகாரத்தில் இரவு 9:12. திரையில் காலை 10:12.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தால் கடிகாரம் குழம்பும் என்று மாவ் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அந்தக் குழப்பம் எட்டு மணி நேரமாக இருக்கும். எப்போதும் எட்டுதான். விரல்விட்டு எண்ணினேன். இது பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்று.

அடுத்த திரை. 'உங்கள் பெயர் என்ன?'

ஏழாம் மாதத்தில், இருட்டிய பிறகு, யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் வேறு யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இதுவும் குழந்தைக்குத் தெரிந்ததுதான். விசைப்பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். எழுதுவது கூப்பிடுவதாகுமா? ஆகாது என்று முடிவு செய்தேன். முட்டாள்தனமாக நின்றால் வேலை முடியாது.

பெயரின் மூன்று சீன எழுத்தையும் அடித்தேன். யென் ஜின்சுய்.

அழுத்தினேன்.

டிக்.

சின்னச் சத்தம். பக்கத்தில்.

டிக்... க்ர்ர்ர்ர்...

டிஸ்க் சுற்றத் தொடங்கும் சத்தம். வகுப்பில் நூறு முறை கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு டிக். பிறகு மெல்ல ஏறும் முனகல். ஆனால் பெட்டிக்குள் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் சுற்ற எதுவும் இல்லை.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை.

துண்டின் மேலிருந்து வந்தது.

விரலை நீட்டி அதன் முதுகைத் தொட்டேன். நடுங்கியது. உள்ளே ஏதோ சுற்றுகிறது என்று விரல் சொன்னது. காற்றில் மேசை நடுங்குகிறது என்று நான் சொன்னேன். மேசையைத் தொட்டுப் பார்த்தேன்.

மேசை அசையாமல் இருந்தது.

திரையில் 'ஏற்றம் முடிந்தது' என்று வந்தது. பென் டிரைவை எடுக்கச் சொன்னது. எடுத்தேன். கணினி தானாக அணைந்து, தானாக எழுந்தது.

பட்டியல் வந்தது.

வரவேகூடாது. ஒரே ஓஎஸ் இருந்தால் பட்டியல் வராது, நேராகத் திறந்துவிடும். இரண்டு இருந்தால்தான் எது வேண்டும் என்று கேட்கும்.

இரண்டு வரிகள் இருந்தன. மேலே லினக்ஸ். கீழே பழைய விண்டோஸ். அடியில், 'பத்து நொடியில் தானாகத் திறக்கும்.'

எது திறக்கப்போகிறது என்று காட்டும் வெளிச்சப்பட்டை முதல் வரியில் இருக்கவேண்டும்.

இரண்டாவதில் இருந்தது.

ஒன்பது.

மேல் அம்பை அழுத்தினேன். பட்டை மேலே போனது.

எட்டு.

கீழே வந்தது.

யாரும் தொடவில்லை.

ஏழு. மேலே தள்ளினேன்... கீழே வந்தது. ஆறு.

நிதானமாக வந்தது. ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நகர்த்துகிற மாதிரி.

ஐந்து.

டீசல் வாடை. ஈரக் கணவாய் வாடை.

நான்கு.

சுவரிலிருந்த மின் செருகியைப் பிடுங்கினேன்.

மூன்று.

செருகி என் கையில் இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு.

ஒன்று.

பழைய விண்டோஸின் அந்த வரவேற்பு இசை. எல்லோருக்கும் தெரிந்த, சின்ன, இனிமையான இசை. திரையில் எங்கள் துறைமுகத்தின் படம். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். பின்னால் திரும்பவில்லை. ஏழாம் மாதத்தில் திரும்பக்கூடாது.

அப்போது மாடிப்படியிலிருந்து பாவ்சூ அக்காவின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கமான, சாதாரணக் குரல்.

"வந்தாச்சா?"

என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

"சாப்பிட்டியா?"

என்னை அவர் அந்த மாதிரிக் கேட்டதில்லை. அந்தக் குரலில் கேட்டதில்லை.

அவர் நிறுத்தினார். யாரோ பதில் சொல்வதைக் கேட்பவர் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு எந்தப் பதிலும் கேட்கவில்லை.

"சரி சரி" என்றார் அக்கா. "விளக்கை அணைச்சிட்டு வா."

என் தலைக்கு மேல்...

விளக்கு அணைந்தது.

ஷட்டருக்கு அடியில் எப்படிப் புகுந்தேன், தெரியவில்லை. முழங்கை கிழிந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. கடைவரிசைத் தாழ்வாரத்தில், மழைச் சாரலில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் வேறு கடைகளில் விளக்கு எரிந்தது. கரண்டு போகவில்லை.

குளிர் தாங்கவில்லை. என் வீடு நான்காம் மாடியில். ஏறித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் மாடியில் அக்காவின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ரப்பர் பூட்ஸ். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். முனை கதவைப் பார்த்தபடி இருந்தது. தூசி இல்லை. சொட்டச் சொட்ட ஈரம்.

எங்கள் படிக்கட்டுக்குள் மழை வராது.

காலையில் புயல் போய்விட்டது. ஐந்தரைக்கு இறங்கினேன். அக்கா தோசைக்கல்லின் முன் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

"கையில என்ன காயம்? சின்னப் புள்ள மாதிரி எங்க போய் விழுந்த?" என்று கேட்டு, கேட்காமலே எனக்கு இரட்டை முட்டை போட்டார்.

இரவு நடந்ததை எங்கிருந்து சொல்வது? நான் உலகப்படத்திலிருந்து தொடங்கினேன். புள்ளி தென் அமெரிக்காவுக்குக் கீழே, கடலில் போய் நின்றது என்றேன். நேரம் பதினொரு மணி நேரம் பின்னால் காட்டியது என்றேன்.

கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு தோசையைத் திருப்பினார்.

"அங்கதான். கடைசியா பேசினப்ப இங்க ராத்திரி, அங்க காலையில. பதினொரு மணி நேரம் உனக்குப் பின்னாடி இருக்கேன்னு சிரிச்சார்." தட்டை என் பக்கம் தள்ளினார். "ஆறு வருஷம் ஆச்சு பொண்ணே, வந்து சேர."

பின்னறைக்குப் போனேன். கொட்டிய பொரி ஒன்றுகூட இல்லை. நூடுல்ஸ் கப் கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குச்சிகள் அதன் மேல் குறுக்கே, ஒழுங்காக. டிஸ்க் துண்டின் மேலேயே இருந்தது. துண்டு நனைந்திருந்தது.

டிஸ்க்கை மாவிடம் காட்டவேண்டும், உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து வைப்பது நல்லது என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். ஒரு எழுத்து அழியக்கூடாது என்றவர்.

"எடுத்துக்கோ" என்றார். "இனிமே அது காலிதானே."

மாவ் அதைக் கையில் வாங்கியதும் கிண்டலாக, "என்ன, ரெண்டு தடவை அழிச்சிட்டியா?" என்றார். கேபிளை மாட்டினார். சத்தமே இல்லை. வேறு கேபிள், வேறு மின்சாரம் என்று மாற்றிப் பார்த்தார். பிறகு மூடியின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தார்.

கிண்டல் நின்றுவிட்டது.

உள்ளே தட்டு கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும். வெள்ளையாகப் பூத்திருந்தது. படிக்கிற முள் தட்டோடு ஒட்டி, அதன் மேல் உப்பு படிந்திருந்தது.

"கடல்ல கிடந்ததா இது?" என்று கேட்டார்.

கடைக்குப் பின்னால், பெட்டிக்குள், ஆறு வருடமாக இருந்தது என்றேன்.

"இருக்காது" என்றார். "ஆனா ஆறு வருஷம்ங்கிறது சரிதான். இது கடைசியா சுத்தி அவ்வளவு நாள் ஆகியிருக்கும். அதுக்கப்புறம் இது ஒரு நாள்கூடத் திறந்திருக்க முடியாது."

அக்கா தினமும் திறந்தார் என்று சொன்னேன். மதியம் கடை மூடியதும். நேற்றுக்கூட.

மாவ் என்னைப் பார்த்தார்.  டிஸ்க்கை ஒரு பையில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அவரை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன், பூட்டிவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்ப்பதை.

பதினான்காம் இரவு எல்லாக் குடும்பங்களும் விளக்கு விட்டன. மைத்துனர் வந்து கேட்டாராம். வந்து சேர்ந்தவருக்கு எதற்கு வழிகாட்ட விளக்கு என்று அக்கா சிரித்திருக்கிறார். மைத்துனர் அதன்பின் வந்து கேட்பதில்லை.

நான் வீடு மாறிவிட்டேன். ஆனாலும் போன வாரம் அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது, கடையில் உட்கார்ந்து ஒரு சோயா பால் குடித்தேன். மனம் கேட்கவில்லை. கேட்டேன். அந்தப் பழைய டிஸ்க் மாவின் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. பட்டியலில் இரண்டாவது வரி மட்டும் மிச்சம் நின்றிருக்கலாம், அப்படி நிற்பது உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் பிழை என்று காட்டும், வேறு எதுவும் திறக்காது. அதனால் மாவு ஆர்டர் போட முதல் வரியைத்தானே எடுக்கிறீர்கள், இரண்டாவதைத் தொடுவதில்லையே என்று கேட்டேன்.

அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆர்டருக்கு மேல இருக்கிறதை நான்தான் எடுப்பேன்" என்றார். "மத்தியானம் நான் எதையும் தொடறதில்ல. பத்து எண்ணுறதுக்குள்ள, கீழ இருக்கிறதை அவரே எடுத்துக்குவார்."